மறந்துபோன மொழியில் எடுத்த படம்

'தத்து' என்ற சொல் வடமொழி 'தத்த'விலிருந்து வந்தது. கொடுக்கப்பட்டது என்று பொருள். 'சுவீகாரம்' என்றால் தனதாக்கிக் கொள்வது. ஒரு சொல் கொடுப்பவனின் பக்கம் நிற்கிறது. மற்றது வாங்குகிறவனின் பக்கம். கைமாறும் குழந்தையின் பக்கம் நிற்க நம்மிடம் சொல் இல்லை. அதற்கு அவசியமும் இருந்ததில்லை. கொள்ளி வைக்கவும் சொத்தை ஆளவும் ஒரு பிள்ளை வேண்டும் என்ற ஏற்பாட்டில் பிள்ளையின் ஞாபகத்துக்கு என்ன வேலை? அதுவும் பெரும்பாலும் பங்காளி வீட்டுப் பிள்ளை. பெற்றவள் அடுத்த தெருவில் இருப்பாள். பேசும் மொழி மாறாது, சாப்பிடும் சோறு மாறாது.

ஏழெட்டு வயதுக் குழந்தையை விமானத்தில் ஏற்றி வேறொரு கண்டத்துக்கும் வேறொரு மொழிக்கும் அனுப்பிவைப்பது இருபதாம் நூற்றாண்டின் காரியம். போருக்குப் பிந்திய தென்கொரியா இதை ஒரு நிரந்தர ஏற்பாடாகவே நடத்தியது. 1955 முதல் 1999 வரை 1,40,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். கைக்குழந்தைகளாகப் போனவர்களை விட்டுவிடுவோம். தன் பெயர் தெரிந்து, தாயின் முகம் தெரிந்து, வீட்டுக்குத் திரும்பும் வழி தெரிந்து போனவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிய படைப்புகளை ஒரே ஒரு கேள்வியால் அளந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தை கொண்டுவந்த ஞாபகத்தைப் படைப்பு என்ன செய்கிறது? இதை மூன்று படங்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

1

ஊனி லெகோம்த் ஒன்பதாவது வயதில் ஸோலிலிருந்து பிரான்சுக்குத் தத்துப் போனவர். 2009-ல் வந்த அவருடைய முதல் படத்தின் பிரெஞ்சுத் தலைப்பு 'புத்தம் புதிய வாழ்க்கை' என்று பொருள்படும். அதே படத்தின் கொரியத் தலைப்புக்கு 'பயணி' என்று பொருள். ஏற்றுக்கொண்ட நாட்டின் மொழி புதுவாழ்வு என்கிறது. விட்டுவந்த மொழியில் அவள் பயணி மட்டும்தான்.

1975. ஜின்ஹிக்கு ஒன்பது வயது. அப்பா புதுத்துணி வாங்கித் தருகிறார், சைக்கிளில் வைத்து அழைத்துப் போகிறார், கேக் வாங்கித் தருகிறார். பிறகு கன்னியாஸ்திரீகள் நடத்தும் அனாதை விடுதியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். அவர் முகத்தைக் காமிரா அரிதாகவே காட்டுகிறது. குழந்தையின் உயரத்துக்கு எது தெரியுமோ அதுதான் நமக்கும் தெரிகிறது. தான் அனாதை இல்லை, அப்பா வருவார் என்று ஜின்ஹி சாப்பிட மறுக்கிறாள். அவள் சொல்வது முழு உண்மை. அந்த உண்மையை வாங்கிப் பதிந்துகொள்ளத்தான் அந்த இடத்தில் பதிவேடு இல்லை.

விடுதியில் அவளுக்குச் சிநேகிதியாகிற சுக்ஹி கொஞ்சம் மூத்தவள். பெரியவளாகிவிட்டதை ஒளித்து வைக்கிறாள், வயதைக் குறைத்துச் சொல்கிறாள், இங்கிலீஷ் பழகுகிறாள். வயது ஏற ஏறத் தன்னை யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். பெரிய குழந்தைகளைத் தத்தெடுப்பதைப் பற்றிய கருணைப் பேச்சுகள் எதிலும் அகப்படாத விஷயம் இது. தேர்ந்தெடுக்கப்படுவதற்காகக் குழந்தை தன் உடம்பையே மறைக்கிறது. லெகோம்த் இதைச் சொல்லிக் கண்ணீர் கேட்கவில்லை. துணி துவைக்கும் காரியத்தைப்போல் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

படத்தின் மையம் என்று நான் நினைப்பது, விடுதிக்கு வரும் டாக்டரிடம் ஜின்ஹி பேசும் இடம். அப்பாவின் இரண்டாவது குடும்பத்துக் கைக்குழந்தையை ஊக்கு ஒன்று குத்திவிட்டது. தான்தான் செய்ததாக நினைத்தார்கள். அதனால்தான் இங்கே விட்டார்கள் என்கிறாள். கைவிடப்பட்டவள் தனக்கென்று ஒரு குற்றத்தைத் தேடிக்கொள்கிறாள். காரணமே இல்லாமல் விடப்பட்டதைவிடத் தண்டனையாக விடப்பட்டது தாங்கக்கூடியதாக இருக்கிறது. நான்கு வாக்கியங்களுக்குள் முடிந்துவிடும் இந்தப் பேச்சில் ஒரு மனோதத்துவ நூலின் சாரம் இருக்கிறது. நல்ல வேளையாக அந்த நூலின் நடை இல்லை.

சிநேகிதி அமெரிக்கர்களோடு போய்விட்ட பிறகு, இருவரும் சேர்ந்து புதைத்த பறவையின் குழிக்குப் போகிறாள் ஜின்ஹி. பிறகு தனக்கே ஒரு குழி வெட்டிப் படுத்து மண்ணை மேலே தள்ளிக்கொள்கிறாள், முகம் வரைக்கும். மூச்சுத் திணறி எழுந்துவிடுகிறாள். இதைக் குறியீடு என்று சொல்லிவிட நமக்குக் கை துறுதுறுக்கும். அந்தச் சொல்லை நம் பத்திரிகைகளில் புரியாத இடத்துக்கெல்லாம் ஒட்டுப்போடப் பயன்படுத்தியாயிற்று. அவள் பறவையைப்போல் செத்துப் போக முடியுமா என்று பார்க்கிறாள், முடியவில்லை. அவ்வளவுதான். இதற்குப் பிறகுதான் போகச் சம்மதிக்கிறாள். புது வாழ்க்கைக்கு முன்னால் ஒரு சாவு இருக்கிறது. அந்தச் சாவைக் குழந்தை தனியாகவே செத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிரான்சு விமான நிலையத்தில், காத்திருப்பவர்களை நோக்கி அவள் நடந்து வருவதோடு படம் முடிகிறது. இந்த விஷயத்தில் மற்ற கதைகள் தொடங்கும் இடம் அது.

2

லெகோம்த் இந்தப் படத்தின் கதையைப் பிரெஞ்சில் எழுதினார். நடிகர்களோடு மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டுதான் பேசினார். ஒன்பது வயதுவரை சிரித்த, அழுத, சண்டைபோட்ட மொழி அவரிடம் இல்லை.

ஒன்பது வயதுக்காரிக்குத் தாய்மொழி எப்படி மறக்கும்? கிறிஸ்தோஃப் பாலியேயும் அவர் சகாக்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்சுக்குத் தத்துப் போய்ப் பெரியவர்களாகிவிட்ட எட்டுப் பேருக்குக் கொரிய வாக்கியங்களைப் போட்டுக் காட்டி, மூளையின் இயக்கத்தைப் படமெடுத்தார்கள். அறிமுகமே இல்லாத பிற மொழிகளுக்கும் கொரியத்துக்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆனால் 2017-ல் வேறொரு குழு ஹாலந்தில் வளர்ந்த கொரியர்களுக்கு அந்த மொழியின் ஒலிகளைப் புதிதாகக் கற்றுக் கொடுத்துப் பார்த்தபோது, மற்ற டச்சுக்காரர்களைவிட அவர்கள் நன்றாகவே உச்சரித்தார்கள். ஆக, மொழி போகிறது. அது இருந்த தடம் போவதில்லை. கூப்பிட்டால் எழுந்து வராது, கற்றுக்கொடுத்தால் அடையாளம் கண்டுகொள்ளும்.

மறதியை நாம் சோம்பல் என்று நினைக்கிறோம். புதிய வீட்டுக் குழந்தைக்கு அது உழைப்பு. இந்த மொழியில் அழுதால் யாருக்கும் புரியாது; அந்த மொழியில் கேட்டால் பால் கிடைக்கும். தட்டுத்தடுமாறிப் பேசிய முதல் வாக்கியத்துக்கு வீடு முழுவதும் கைதட்டியிருக்கும். கைதட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொரு கைதட்டலிலும் எது அழிந்துகொண்டிருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. குழந்தைக்கும் சொல்லத் தெரியாது. வெகுகாலம் கழித்துக் கலைதான் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுவும் மொழிபெயர்ப்பாளன் துணையோடு.

3

இனி, உலகம் முழுவதும் அழுது ரசித்த படம். கார்த் டேவிஸின் 'லயன்' (2016). கதை தெரிந்ததே. 1986-ல் காண்ட்வாவைச் சேர்ந்த ஐந்து வயதுப் பையன் ரயிலில் தூங்கிப்போய்க் கல்கத்தாவில் இறங்குகிறான். அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரத்துத் தம்பதி ஒன்று தத்தெடுத்துக்கொள்கிறது. இருபத்தைந்து வருஷம் கழித்து, பூமிப்படத்தில் ரயில் பாதைகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்துபோய் ஊரைக் கண்டுபிடிக்கிறான். அம்மா அதே பகுதியில் காத்திருக்கிறாள். இருவருக்கும் பொது மொழி இல்லை.

இந்த வாழ்க்கையில் ஓர் அபூர்வமான விவரம் இருக்கிறது. பையனின் பெயர் 'ஷேரு', சிங்கம். குழந்தை வாயில் அது 'சரூ' ஆகி, பாஸ்போர்ட்டிலும் அப்படியே நின்றுவிட்டது. மொழி முழுவதும் போன பிறகும் ஒரு மழலைப் பிழை மட்டும் பெயராக மிஞ்சியிருக்கிறது. படம் இதைக் கடைசியில் எழுத்தில் போட்டுத் தலைப்பை விளக்க உபயோகித்துக்கொள்கிறது. ஒரு கவிஞன் கையில் இது படம் முழுவதையும் தாங்கியிருக்கும்.

என் குறை இதுவல்ல. அந்தத் தம்பதி இரண்டாவதாக இன்னொரு பையனையும் தத்தெடுத்தார்கள். முதல் பையனைவிட அதிகம் அடிபட்டு வந்தவன். வந்த முதல் நாளே தலையில் அடித்துக்கொண்டு கத்துகிறான். முதல்வன் நன்றியாக வளர்கிறான். இவன் காயமாகவே வளர்கிறான். பெரிய குழந்தையைத் தத்தெடுப்பதன் முழுப் பிரச்சினையும் இவனிடம்தான் இருக்கிறது. படமோ இவனை நாலைந்து காட்சிகளில் வந்து அம்மாவை அழவைத்துவிட்டுப் போகும் பாத்திரமாக்கிவிடுகிறது. அன்பை வாங்கிக்கொள்ளத் தெரியாத குழந்தையைத் திரைக்கதைக்குப் பிடிக்கவில்லை.

வெளியே, வாழ்க்கையில், இரண்டாவது பையன்களுக்கு என்ன நேரலாம் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2010-ல் அமெரிக்காவின் டென்னசியிலிருந்து ஏழு வயது ருஷ்யப் பையன் ஒருவன், இனி இவனை வளர்க்க முடியாது என்ற கடிதத்தோடு, தன்னந்தனியாக மாஸ்கோ விமானத்தில் ஏற்றப்பட்டான். வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுப்பதுபோல. ஹோபார்ட் தம்பதி அப்படிச் செய்யவில்லை. திருப்பிக் கிடைக்காத அன்பை வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குடும்பத்தின் கௌரவம் அங்கேதான் இருக்கிறது. காமிரா அப்போது பூமிப்படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

4

மூன்றாவது, டியான் போர்ஷே லீம் எடுத்த 'ஃபர்ஸ்ட் பெர்சன் ப்ளூரல்' (2000) என்ற ஆவணப் படம். இலக்கணத்தில் தன்மைப் பன்மை. 'நாம்', 'நாங்கள்' என்ற இரண்டு சொல் வைத்திருக்கும் தமிழுக்கு இந்தத் தலைப்பின் சங்கடம் உடனே புரியும். இவர் எந்தக் குடும்பத்தை 'நாம்' என்பது, எதை 'நாங்கள்' என்பது?

1966-ல் எட்டு வயதில் கலிபோர்னியா வந்தவர். போர்ஷே தம்பதி அதுவரை மாதாமாதம் பணம் அனுப்பிவந்தது சா ஜுங் ஹீ என்ற பெண்ணுக்கு. அந்தப் பெண்ணை அவள் அப்பா வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். விடுதி வேறொரு பெண்ணை அதே பெயரில், அதே காகிதங்களோடு அனுப்பிவிட்டது. உண்மைப் பெயரைச் சொல்லாதே என்று எச்சரித்தும் அனுப்பியது. விமான நிலையத்தில் குடும்பத்தார் முதலில் வேறொரு குழந்தையிடம் போய்விட்டதைக்கூட அக்கா சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அன்பு நிஜம், ஆள் யார் என்பது அதற்கு முக்கியமாக இல்லை.

ஓரளவு இங்கிலீஷ் வந்ததும் குழந்தை அம்மாவிடம் சொல்கிறது: நான் அவள் இல்லை, எனக்கு அம்மா இருக்கிறாள், கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்கள். அம்மா காகிதத்தைக் காட்டி, அதெல்லாம் கெட்ட கனவு என்று சமாதானம் சொல்கிறாள். இந்த ஒரு கணத்தைவிடப் பயங்கரமானதை நான் திரையில் அதிகம் பார்த்ததில்லை. இதில் கொடுமைக்காரர் ஒருவரும் இல்லை. தாயன்பின் குரலில்தான் குழந்தையின் உண்மை அழிக்கப்படுகிறது. கொஞ்ச நாளில் குழந்தையும் அதை நம்பி மறந்துவிட்டது.

வளர்ந்த பிறகு கனவுகள் வருகின்றன. பழைய காகிதங்களைப் புரட்டினால் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பெண்களின் போட்டோக்கள். கொரியாவில் தாய் உயிரோடு இருக்கிறாள். தத்தெடுத்த பெற்றோரையும் கூட்டிக்கொண்டு அங்கே போகிறார். இரண்டு தாய்களும் ஒரே அறையில். இங்கே 'லயன்' தழுவலில் முடிகிறது. போர்ஷே லீம் தழுவலுக்கு அப்பாலும் காமிராவை நிறுத்தவில்லை. பெற்றவளை இனி அம்மாவாக அடைய முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். அப்படி ஒப்புக்கொண்டால்தான் அவளிடம் நெருங்கவே முடியும் என்றும் காண்கிறார். வளர்த்தவர்கள் அந்த அறையில் உட்கார்ந்து, தாங்கள் கனவென்று சொன்னது ரத்தமும் சதையுமாக எதிரே இருப்பதைப் பார்க்கிறார்கள். எழுந்து போகவில்லை.

பெரிய குழந்தையைத் தத்தெடுப்பவர்களுக்குக் கிடைக்கக்கூடிய பலன் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். நன்றி பலன் இல்லை; நன்றி பயத்திலிருந்தும் வரும். கைக்குழந்தைக்கு வேறு வழியில்லை, கண்ட முகத்தை அம்மா என்கிறது. இன்னொரு அம்மாவை அறிந்த குழந்தை, அவளை மறக்கும் நிர்ப்பந்தம் இல்லாமல், இவளையும் அம்மா என்று அழைத்தால் அந்தச் சொல்லுக்கு எடை வேறு. தானாகக் கொடுக்கப்பட்டது அது. 'தத்த' என்ற பழைய வேர்ச்சொல் அங்கேதான் சரியாகப் பொருந்துகிறது. கொடுப்பது அப்போது குழந்தை.

இந்த வழியை நாடுகள் மூடிக்கொண்டு வருகின்றன. 2024-ல் சீனா வெளிநாட்டுத் தத்தை நிறுத்தியது. 2025 மார்ச்சில் கொரியாவின் உண்மை அறியும் ஆணையம், பெற்றோர் உள்ள பிள்ளைகளை அனாதை என்று பதிந்ததையும், ஒருத்தியின் அடையாளத்தில் இன்னொருத்தியை அனுப்பியதையும் அரசாங்கத்தின் பொறுப்பில் சேர்த்தது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி அரைகுறை இங்கிலீஷில் சொன்னதும் இதைத்தான்.