மணியை இழுக்கும் கை

1979ஆம் ஆண்டு தில்லி திகார் சிறையிலிருந்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சுனில் பத்ரா, மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதி. தன் தண்டனையைப் பற்றி அவர் அதில் முறையிடவில்லை. அதே சிறையில் இருந்த இன்னொரு கைதியைச் சிறைக் காவலர் ஒருவர் குரூரமாகத் தாக்கியதையும், பார்க்க வரும் உறவினர்களிடம் பணம் பறிக்கவே அந்தச் சித்திரவதை நடந்தது என்பதையும் எழுதியிருந்தார். வக்கீலும் இல்லாமல், நீதிமன்றக் கட்டணமும் கட்டாமல் வந்த அந்தக் காகிதத்தை நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவாக ஏற்றது. வழக்கறிஞர்களைச் சிறைக்குள் அனுப்பி விசாரித்தது. டிசம்பர் 20 அன்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, சிறைக் கதவு மூடிய பிறகும் மனிதருக்கு அடிப்படை உரிமை உண்டு என்றது. கைதிகள் குறைகளை எழுதிப் போடப் புகார்ப் பெட்டிகள் வைக்கச் சொன்னது.

உரிமை கேட்டுக் குடிமக்கள் எழுதும் மனுவின் வலிமையைச் சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பிறருக்காக மனு எழுதும் அந்த வழக்கம் பின்னாளில் எதையெல்லாம் சாதித்தது, எங்கெல்லாம் வழிதவறியது என்பதை எடைபோட வேண்டிய இடமும் அதே தில்லிதான்.

நம் மரபில் நீதி கேட்பதற்கு ஒரு படிமம் உண்டு. திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிவைத்த ஆராய்ச்சி மணி. கன்றை இழந்த பசுவே வந்து கயிற்றை இழுத்தது. அதற்காக வேறு யாரும் வந்து இழுக்கவில்லை. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற நீதிமுறையும் ஏறக்குறைய இதையே சொன்னது. எவருக்குத் தீங்கு நேர்ந்ததோ அவரே வழக்காட வேண்டும். கேட்க நியாயமாக இருக்கும் இந்த விதியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தினக்கூலிக்காரர் ஒரு நாள் நீதிமன்றம் போனால் அன்று அடுப்பு எரியாது. கொத்தடிமை வாயைத் திறந்தால் முதுகுத் தோல் உரியும். அரசியல் சட்டத்தின் 32ஆம் கூறு உரிமைக்காக நேரே உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்றது. அதைச் சட்டத்தின் இதயம், ஆன்மா என்றார் அம்பேத்கர். என்றாலும் ஏழைக்கு அந்த மணியின் கயிறு எட்டாத உயரத்திலேயே தொங்கியது.

அந்தக் கயிற்றை வேறொருவர் இழுத்துக் கொடுக்கலாம் என்று நீதிமன்றம் தெளிவாக்கியது 1981 டிசம்பர் 30 அன்று, எஸ்.பி. குப்தா வழக்கில். வறுமையாலோ இயலாமையாலோ வர முடியாதவர்களுக்காக, நல்ல நோக்கமுள்ள எந்தக் குடிமகனும் வழக்காடலாம் என்றது அந்தத் தீர்ப்பு. பொதுநல வழக்கு என்று இன்று நாம் சொல்லும் முறை வேரூன்றிய காலம் அது.

அதன் பலன் ஒரே ஆண்டில் தில்லித் தெருவில் தெரிந்தது. 1982 நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கவிருந்தன. அரங்குகளும் மேம்பாலங்களும் இரவு பகலாக எழுந்தன. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒடிசாவிலிருந்து ஆட்களை மேஸ்திரிகள் கூட்டிவந்தார்கள். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் என்ற அமைப்பு, சமூக அறிவியலாளர்கள் மூவரை அந்த வேலைத் தலங்களுக்கு அனுப்பி நிலவரம் அறிந்து, நீதிபதி பி.என். பகவதிக்குக் கடிதம் எழுதியது. அதில் இருந்தவை சின்னச் சின்னக் கணக்குகள். நாளுக்கு 9 ரூபாய் 25 காசு குறைந்தபட்சக் கூலி. அதில் ஆளுக்கு ஒரு ரூபாயை மேஸ்திரி தரகாக எடுத்துக்கொள்கிறார். பெண்களின் கைக்கு வருவது 7 ரூபாய் மட்டுமே. இவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், எங்களுக்கு என்ன பொறுப்பு என்று அரசுத் தரப்பு வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. செப்டம்பர் 18 தீர்ப்பில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பு அரசியல் சட்டம் தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது. பசியும் ஒரு சாட்டைதான், அதற்கு அஞ்சி வேலை செய்பவர் விரும்பிச் செய்வதாகச் சொல்ல முடியாது என்பதே அதன் சாரம். ஒரு ரூபாய் தரகு அரசியல் சட்டக் கேள்வியாக மாறியது இப்படித்தான். அதே ஆண்டு, தில்லியை ஒட்டிய ஃபரிதாபாத் கல்குவாரிக் கொத்தடிமைகளுக்காகச் சமூகச் செயற்பாட்டாளர் சுவாமி அக்னிவேஷின் அமைப்பு எழுதிய கடிதமும் இதே வழியில் வழக்கானது. நீதிமன்றமே ஆளனுப்பி உண்மையைத் திரட்டியது.

இந்த முறையின் சிறப்பு மூன்று. எளியவர் மொழியில் சொன்ன குறையையும் அது கேட்டது. ஆதாரம் திரட்டும் சுமையை ஏழையின் தலையில் ஏற்றாமல் நீதிமன்றமே சுமந்தது. தனி மனிதரின் துன்பமாகத் தெரிந்ததை ஒரு கூட்டத்துக்கே நேரும் அநீதியாகக் காட்டியது. இந்த மூன்றுக்காகவும் இந்திய நீதித்துறையை மனமாரப் பாராட்டலாம்.

ஆனால் கயிறு எல்லார் கைக்கும் எட்டும்போது, யார் யாருக்காக இழுக்கிறார் என்ற கேள்வி எழுகிறது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் தில்லியின் குப்பை மேலாண்மை பற்றிய பொதுநல வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. மனு குப்பையைப் பற்றியது. ஆணையோ குடிசைவாசிகளைப் பற்றியும் பேசியது: பொது நிலத்தில் குடியேறியவருக்கு மாற்றிடம் தருவது பிக்பாக்கெட் அடித்தவருக்குப் பரிசு தருவதைப் போன்றது என்றது. தில்லியின் வீடுகளைக் கட்டியவர்களும் அவற்றில் பாத்திரம் துலக்குபவர்களும் அந்த வழக்கில் கட்சிக்காரர்களே அல்ல. தங்களைத் திருடரோடு ஒப்பிட்டபோது மறுத்துப் பேச அவர்களுக்கு ஒரு நாற்காலிகூட அங்கே இல்லை.

இது ஏதோ ஒரு முறை நேர்ந்த வாய்த் தவறு என்று கடந்துவிட முடியாது. 1985இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த மாசு வழக்கு பல்லாண்டுகள் நீண்டு, காற்றுக்கும் நதிக்கும் நன்மை பல செய்தது. அதே வழக்கில்தான் 2020 ஆகஸ்ட் 31 அன்று, தில்லி ரயில் பாதையோரம் இருந்த சுமார் 48,000 குடிசைகளை மூன்று மாதத்துக்குள் அகற்ற வேண்டும் என்ற ஆணை பிறந்தது. எந்த நீதிமன்றமும் இதற்குத் தடை விதிக்கக் கூடாது என்றும் அது சொன்னது. கொரோனா காலம், வேலை இழந்தவர்கள் நிறைந்த குடிசைகள் அவை. அங்கு வாழ்ந்தோரின் குரலைக் கேட்காமலே இவ்வளவும் நடந்தது. பிறகு நீதிமன்றத்தில் முறையீடு வந்து, கலந்தாலோசிக்காமல் அகற்ற மாட்டோம் என்று மத்திய அரசு சொன்னதால் அந்த ஆணை அப்போதைக்கு நடைமுறைக்கு வரவில்லை. ஏழைக்காகத் திறந்த கதவு வழியாகவே ஏழையை வெளியேற்றும் ஆணையும் வந்தது என்பதுதான் வேதனை.

தமிழ் வாசகருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரம் இருந்த மதராஸி கேம்ப், பிழைப்புத் தேடித் தில்லி போன நம் மக்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த இடம். மழைநீர் தேங்குவதைத் தடுக்க வடிகாலைத் தூர்வார வேண்டும் என்ற வழக்கின் தொடர்ச்சியாக, தில்லி உயர் நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது. மறுகுடியமர்த்தல் ஒழுங்காக நடக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொல்லியிருந்ததைக் குறிப்பிட்டாக வேண்டும். ஆனால் சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களே முதலில் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அந்த வீடுகளும் நகரத்தின் மறுகோடியில், நரேலாவில். வீட்டு வேலைக்கு நடந்து போன பெண்களுக்கும், பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கும் அந்தத் தூரம் வாழ்க்கையையே புரட்டிப் போடுவது. வெள்ளம் வடிய வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதும் மனுவின் ஒரு பகுதியாக இருந்திருக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் தாமே பேசும்போது நிலைமை மாறுகிறதா? பல நேரம் மாறுகிறது. இடம்பெயர்க்கப்பட்ட குடிசைவாசிகள் தாங்களே மனுதாரர்களாக வந்த சுதாமா சிங் வழக்கில், 2010 பிப்ரவரியில் இதே தில்லி உயர் நீதிமன்றம், அகற்றும் முன் கணக்கெடுத்து, மக்களோடு பேசி, மறுவாழ்வுக்கு வழிசெய்ய வேண்டும் என்றது. ஆக்கிரமிப்பாளர் என்று சுட்டப்பட்டவரை நகரத்தில் பங்குள்ள குடிமகனாகப் பார்த்த தீர்ப்பு அது. நகரமும் நீதிமன்றமும் அவையேதான். மனுவில் ஒலித்த குரல் வேறு.

பாலினச் சிறுபான்மையினரின் வழக்கும் இதே பாடத்தைச் சொல்கிறது. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை எதிர்த்து 2001இல் தில்லி உயர் நீதிமன்றம் சென்றது நாஸ் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம். நிறுவனத்துக்கு நேரடிப் பாதிப்பு இல்லை என்று 2004இல் மனு தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றம் திருப்பியனுப்பிய பிறகு 2009 ஜூலை 2 அன்று வெற்றி கிடைத்தது. 2013 டிசம்பர் 11 அன்று அது பறிபோனது. இவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினர் என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2016இல் நடனக் கலைஞர் நவ்தேஜ் சிங் ஜோஹர் உள்ளிட்ட ஐவர் தம் பெயரோடும் முகத்தோடும் மனுதாரர்களாக வந்தார்கள். 2017இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்ற தீர்ப்பும் துணை நின்றது. 2018 செப்டம்பர் 6 அன்று, ஒருவருடைய உரிமைக்குத் தலைகளை எண்ணத் தேவையில்லை என்பது நிலைபெற்றது. நேரில் வந்தால் வெற்றி நிச்சயம் என்று இதற்குப் பொருளில்லை. திருமண உரிமை கேட்டு இணையர்கள் தாங்களே தொடுத்த வழக்கு 2023 அக்டோபர் 17 அன்று தோற்றது. ஆனால் தோற்றபோதும் அவர்களைப் பெயரற்ற கூட்டமாக ஒதுக்க யாராலும் முடியவில்லை.

இன்னொரு குறை, தீர்ப்புக்கும் தெருவுக்கும் உள்ள தூரம். கையால் மலம் அள்ளும் கொடுமையை எதிர்த்து சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற தூய்மைத் தொழிலாளர் இயக்கம் 2003இல் உச்ச நீதிமன்றம் சென்றது. இதை வழிநடத்திய பெஜவாடா வில்சன், கோலார் தங்கவயலில் அதே தொழிலில் தள்ளப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் மாநிலத்தில் அப்படி ஒன்றுமே இல்லை என்று அரசுகள் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தபோது, இயக்கத்தினர் படங்களையும் பெயர்ப் பட்டியல்களையும் கொண்டுவந்து கொட்டினார்கள். தீர்ப்பு வர 11 ஆண்டுகள் ஆயின. 2014 மார்ச் 27 அன்று, 1993 முதல் சாக்கடைக்குள் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது நீதிமன்றம். 2023இல் அத்தொகை 30 லட்சமானது. இவ்வளவுக்கும் பிறகு 2025 ஜனவரியில், தில்லி, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கழிவுநீர்க் குழிக்குள் இறக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. கையால் மலம் அள்ளுவதை 1993லேயே சட்டம் தடுத்தும், 32 ஆண்டுகள் கழித்து இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதென்றால், தீர்ப்பைக் கீழே இறக்கும் ஏணி இன்னும் செய்யப்படவில்லை என்றுதான் பொருள்.

நீதிபதியின் மனநிலையை நம்பியிருப்பதும் இம்முறையின் பலவீனம். கடிதங்கள் நீதிமன்றத்தின் பெயருக்கு வர வேண்டும், குறிப்பிட்ட நீதிபதியின் பெயருக்கு வருவது சரியல்ல என்று கல்குவாரி வழக்கிலேயே நீதிபதி ஆர்.எஸ். பாடக் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை நியாயமானது. இரக்கமுள்ள ஒருவரின் காலத்தில் திறந்து, அவர் ஓய்வு பெற்றதும் ஒடுங்கும் கதவு உரிமையாகாது. 1988இல் எந்தெந்தக் கடிதங்களை ஏற்பது என்று உச்ச நீதிமன்றம் வகைப்படுத்தியது. விளம்பரத்துக்கும் பகைக்கும் போடும் மனுக்கள் பெருகியதால் 2010இல் கட்டுப்பாடுகளும் வந்தன. களையெடுப்பு தேவைதான். ஆனால் பொய் மனுவைத் தடுக்க எடுத்த கோல், எழுதத் தெரியாதவரின் காகிதத்தைத் திருப்பியனுப்ப உதவக் கூடாது.

அப்படியானால் மனுவைக் கைவிட வேண்டுமா? கூடாது. அதைச் செம்மைப்படுத்த வேண்டும். ஓர் ஆணை எவர் வீட்டையோ பிழைப்பையோ தொடுமென்றால், அவர்களைக் கேட்காமல் அது பிறக்கக் கூடாது. மனுதாரர் அழைக்காவிட்டால் நீதிமன்றமே அழைக்க வேண்டும், அவர்கள் மொழியிலேயே. தீர்ப்போடு வழக்கு முடியாமல், நிறைவேற்றத்தைக் கண்காணிக்கப் பாதிக்கப்பட்டோரும் உள்ள குழு தொடர வேண்டும். மனு எழுதுவோரும் அதோடு நின்றுவிடக் கூடாது. தூய்மைத் தொழிலாளர் இயக்கம் தீர்ப்பு வந்த பிறகும் ஓயவில்லை. 2015 டிசம்பரில் அஸ்ஸாமின் திப்ருகரில் புறப்பட்டு, 125 நாள் நாடெங்கும் பயணித்து, எங்களைக் கொல்லாதீர்கள் என்ற ஒற்றைக் கோரிக்கையோடு 2016 ஏப்ரல் 13 அன்று தில்லி வந்து சேர்ந்தது. தீர்ப்பை உயிரோடு வைத்திருப்பது அந்தப் பயணம்தான்.

பிறருக்காகப் பேசுவது தவறென்று நான் சொல்லவில்லை. சுனில் பத்ராவும் பிறருக்காகவே எழுதினார். ஆனால் அவர் அதே சுவர்களுக்குள் இருந்து எழுதினார். ஆசிய விளையாட்டு அரங்குகளைக் கட்டிய தொழிலாளருக்காக எழுதியவர்கள் அந்தப் புழுதிக்குள் போய்க் கூலியை எண்ணிவிட்டு எழுதினார்கள். குடிசைகளை அகற்றிய ஆணைகளுக்கு இந்த நெருக்கம் இல்லை. அங்கு குடிசை வரைபடத்தில் ஒரு புள்ளியாக மட்டுமே தெரிந்தது. ஒரு மனு நீதியின் பக்கம் நிற்கிறதா என்று அறிய நான் முதலில் கேட்க விரும்புவது இதைத்தான்: எழுதியவர் எவ்வளவு பக்கத்தில் நின்று எழுதினார்?