ஒரே வரியில் வந்து இறங்கும் லைப்ரரி

பவர்ஷெல் என்றால் சர்வர் ரூம்காரர்களின் சமாச்சாரம் என்று ஒதுங்கிப் போகிறவர்களைப் பார்த்தால், கையைப் பிடித்து இழுத்துவந்து என் திரையைக் காட்டத் தோன்றுகிறது. ஒரு வரி அடிக்கிறேன். எங்கோ யாரோ உழைத்து எழுதிய லைப்ரரி என் கணினிக்கு வந்துவிடுகிறது. அடுத்த வரியிலேயே அதை வேலை வாங்குகிறேன். அட்மின் பாஸ்வேர்டு கேட்டு யார் மேசைக்கும் போக வேண்டியதில்லை. ‘ஸ்கோப் கரண்ட்யூசர்’ என்று சேர்த்தால் போதும், எல்லாம் என் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே தங்கிவிடும்.

என்னை முதலில் மயக்கியது இம்போர்ட்எக்ஸெல். டக் ஃபிங்க் எழுதிய மாட்யூல். பவர்ஷெல் கேலரியிலிருந்து ‘இன்ஸ்டால்-மாட்யூல் இம்போர்ட்எக்ஸெல்’ என்று வரவழைத்து, ‘கெட்-ப்ராசஸ்’ கட்டளையின் வாலில் ஒரு பைப் போட்டு ‘எக்ஸ்போர்ட்-எக்ஸெல்’ என்று கோத்துப் பாருங்கள். எக்ஸெல் மென்பொருளே இல்லாத கணினியில் அச்சு அசலான எக்ஸெல் கோப்பு பிறக்கும். கேட்டால் பைவட் அட்டவணையும் வரைபடமும்கூடப் போட்டுத் தரும்! லினக்ஸிலும் இதே வரிதான். 2016 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் பவர்ஷெல்லை ஓப்பன் சோர்ஸ் ஆக்கி லினக்ஸுக்கும் மேக்குக்கும் கொண்டுவந்ததை நான் மனதார வாழ்த்துவது இதுபோன்ற நேரங்களில்தான்.

இது எப்படி முடிகிறது என்ற ஆவலில் அந்த மாட்யூலின் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளே இபிபிளஸ் என்ற டாட்நெட் லைப்ரரியின் டிஎல்எல் கோப்பு இருந்தது. எக்ஸெல் கோப்பை எழுதுவது அதுதான். பைப்பில் கோக்கத் தோதான கட்டளைகளை அதன்மேல் கட்டித் தருகிறது மாட்யூல். பவர்ஷெல்லே டாட்நெட்டின் மேல்தானே நிற்கிறது? அப்படியானால் சி ஷார்ப் எழுதுகிறவர்களுக்காக நியூகெட்டில் குவிந்து கிடக்கும் பொது லைப்ரரிகளில் பெரும்பாலானவற்றை, யாராவது மாட்யூல் செய்து தரட்டும் என்று காத்திராமல் நாமே எடுத்துக்கொள்ளலாம். இது புரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

உடனே கைவைத்தது ஹெச்டிஎம்எல் அஜிலிட்டி பேக்கில். வலைப்பக்கத்தின் ஹெச்டிஎம்எல் எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் படித்து, வேண்டிய அட்டவணையை எக்ஸ்பாத் வழியாகப் பிடுங்கித் தரும் லைப்ரரி. ‘ரெஜிஸ்டர்-பேக்கேஜ்சோர்ஸ்’ கொடுத்து நியூகெட் தளத்தின் பதிப்பு 2 முகவரியைப் பதிந்துகொண்டேன். நியூகெட் ப்ரொவைடரின் 2.8.5.201 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும், போட்டுக்கொள்ளவா என்று கேட்டது, சரி என்றேன். பிறகு ‘இன்ஸ்டால்-பேக்கேஜ்’, இறக்க வேண்டிய ஃபோல்டரின் பெயர். அவ்வளவுதான்.

நியூகெட் பேக்கேஜ் என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. உள்ளே ‘லிப்’ ஃபோல்டரில் ஒரே சட்டையைப் பல அளவுகளில் தைத்து அடுக்கியதுபோல, டாட்நெட்டின் ஒவ்வொரு வகைக்கும் ஒரு டிஎல்எல். பவர்ஷெல் 7 என்றால் ‘நெட்ஸ்டாண்டர்ட்2.0’ ஃபோல்டரில் இருப்பதை எடுத்து ‘ஆட்-டைப்’ கட்டளைக்குப் பாதையைக் கொடுங்கள். லைப்ரரி உங்கள் கையில்! சார்புகள் அதிகமுள்ள பேக்கேஜ் என்றால் ‘இன்ஸ்டால்-பேக்கேஜ்’ சில சமயம் சார்புச் சுழல் என்று சொல்லி நின்றுவிடும். அப்போது ‘ஸ்கிப்டிபென்டன்சீஸ்’ சேர்த்துவிட்டு, வேண்டியவற்றை நானே ஒவ்வொன்றாக இறக்கிக்கொள்கிறேன். அதுவும் பிடித்த வேலைதான். எது எதை நம்பி நிற்கிறது என்பது கண்முன் விரிகிறது.

இன்னும் போதிய புகழ் கிடைக்காத கட்டளை ஒன்று உண்டு: ‘சேவ்-மாட்யூல்’. நிறுவாமல், சொன்ன ஃபோல்டரில் கோப்புகளை மட்டும் இறக்கி வைக்கும். புதிய மாட்யூல் எதுவானாலும் முதலில் இப்படி இறக்கி, உள்ளே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் நிறுவுகிறேன். கேலரியில் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பதால், அதை நம்பாத களஞ்சியமாகவே வைத்து ஒவ்வொரு முறையும் நம்மைக் கேட்பதுதான் பவர்ஷெல்லின் இயல்பு. இந்தக் கேள்வியை எரிச்சலில் அணைத்துவிடுகிறவர்கள் பலர். எனக்கு அது வீட்டில் இருக்க வேண்டிய பெரியவரின் குரல். இணையம் இல்லாத கணினிக்குப் பென் டிரைவில் மாட்யூல் கொண்டுபோகவும் இதே ‘சேவ்’தான் துணை.

2023 இறுதியில் பவர்ஷெல் 7.4 உடன், மாட்யூல்களை இறக்கி நிறுவும் புதிய கருவியாக பிஎஸ்ரிசோர்ஸ்கெட் வந்தது. பழைய கருவியை ஒட்டுப்போடாமல் புதிதாக எழுதியிருக்கிறார்கள். வேகம் கையில் தெரிகிறது. பதிப்பு எல்லையைச் சொல்லும் முறைதான் எனக்கு உயிர். பெஸ்டர் என்ற சோதனைக் கருவியின் 5ஆம் தலைமுறை வேண்டும், 6 வேண்டாம் என்றால், 5க்கு முன் சதுர அடைப்பு, 6க்குப் பின் வளைவு அடைப்பு. சதுரம் அந்த எண்ணையும் சேர்க்கும், வளைவு விலக்கும். விண்டோஸ் 10 தன்னோடு கொண்டுவரும் பெஸ்டர் 3.4.0 அதன்பாட்டில் இருக்கட்டும்; இரண்டும் அருகருகே சண்டையில்லாமல் வாழ்கின்றன. ஸ்கிரிப்டுக்குத் தேவையான மாட்யூல்களை எல்லாம் ஒரே ஜேசான் கோப்பில் எழுதி ‘இன்ஸ்டால்-பிஎஸ்ரிசோர்ஸ்’ கட்டளையிடம் கொடுத்தால் மொத்தமாக நிறுவித் தருகிறது. புதிய சக ஊழியருக்கு நான் அனுப்புவது இப்போது அந்தக் கோப்பு ஒன்றைத்தான்.

இந்த வாரம் மேத்நெட் நியூமெரிக்ஸ் என்ற கணித லைப்ரரியை இறக்கி வைத்திருக்கிறேன். சர்வர் டிஸ்க் நிரம்பும் வேகத்துக்கு அதன் ‘ஃபிட்’ வகுப்பைக் கொண்டு நேர்கோடு பொருத்தி, எந்த வாரம் இடம் தீரும் என்று பார்க்கப் போகிறேன். விடையை எக்ஸ்போர்ட்-எக்ஸெல் எழுதித் தரும்.