இத்தாலோ டிஸ்கோ: பாட்டு நிலைத்தது, கணக்கு தீரவில்லை

இத்தாலோ டிஸ்கோவைக் கேலி செய்ய அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பாட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். எழுதியவருக்கு ஆங்கிலம் அரைகுறையாகத்தான் வரும். இரவு, காதல், ரோபோ, விண்வெளி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சமாசாரங்களே திரும்பத் திரும்ப வரும். பாடகரின் பெயரைக் கேட்டால் அமெரிக்கர் போலத் தோன்றும். ஆள் ரோமிலோ மிலானிலோ வளர்ந்தவர். 1980-களின் ராக் விமர்சகர்கள் இதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இன்று நிலைமை தலைகீழ். அதே இசைத்தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள், பெரிய டி.ஜே.க்கள் பெருமையோடு சுழலவிடுகிறார்கள். அன்றைய அலட்சியம் தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்றைய பக்தியும் ஒரு முக்கியமான இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது என்பதே என் வாதம்.

இந்த இசை எப்படிப் பிறந்தது என்பதில் கலையைவிட வியாபாரத்துக்கும் சட்டத்துக்கும் பங்கு அதிகம். 1976-இல் இத்தாலிய அரசியல் சாசன நீதிமன்றம் உள்ளூர் ஒலிபரப்பில் அரசின் ஏகபோகத்தை நீக்கியது. ஊருக்கு ஊர் தனியார் வானொலிகள் முளைத்தன. அட்ரியாட்டிக் கடலோரத்தில் ரிமினி, ரிச்சியோனே பக்கம் கோடைக்காலக் கூட்டத்தை நம்பி நடன அரங்குகள் பெருகின. எல்லாவற்றுக்கும் பாட்டு வேண்டும். அது அதுவரை அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1979 ஜூலையில் சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்துக் கொண்டாடியபோது அங்கே சந்தை சரியத் தொடங்கியிருந்தது. வரத்து குறைந்ததும் இத்தாலியர்கள் தாங்களே செய்யத் துணிந்தார்கள்.

முதலில் செய்தவர்கள் அசல் டிஸ்கோவையே செய்தார்கள். ஜாக் ஃப்ரெட் பெட்ரூஸும் பொலோஞாவைச் சேர்ந்த மௌரோ மலவாசியும் உருவாக்கிய ‘சேஞ்ச்’ குழுவின் 1980 தட்டில் லூதர் வாண்ட்ராஸ் பாடினார். கண்ணை மூடிக் கேட்டால் நியூயார்க் இசை என்றே சொல்வோம். அந்தத் தரத்துக்கு நிறைய வாத்தியக்காரர்களும் நிறையப் பணமும் வேண்டும். எல்லோரிடமும் அது இல்லை. ஆனால் கருவிகள் வந்துகொண்டிருந்தன: 1980-இல் ரோலண்ட் டி.ஆர்-808, 1982-இல் லின்டிரம், 1983-இல் யமஹா டி.எக்ஸ்-7. இரண்டு மூன்று பேர் ஒரு சின்ன ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒரு தட்டை முடித்துவிடலாம் என்ற நிலை வந்தது. வழிகாட்டி ஏற்கெனவே இருந்தார். தெற்கு டிரோலில் பிறந்த ஜோர்ஜோ மொரோடர், மியூனிக்கில் உட்கார்ந்து டோனா சம்மருக்காக 1977-இல் ‘ஐ ஃபீல் லவ்’ செய்திருந்தார். மிலானில் செவேரோ லொம்பார்டோனியின் ‘டிஸ்கோமேஜிக்’ போன்ற நிறுவனங்கள் தட்டுகளை அடுக்கடுக்காக வெளியிட்டன. ‘இத்தாலோ டிஸ்கோ’ என்ற முத்திரையைப் பரப்பி விற்றவர் ஒரு ஜெர்மானியர்: இசட்.ஒய்.எக்ஸ் நிறுவனத்தின் பெர்ன்ஹார்ட் மிகுல்ஸ்கி.

சரி, அது ஏன் இன்னும் கேட்கிறது? எனக்குத் தோன்றும் முதல் காரணம் அதன் சோகம். அமெரிக்க டிஸ்கோ கூட்டத்தின் கொண்டாட்டம். தேவாலயப் பாடலின் உரத்த குரல் அதன் அடியில் ஓடும். இத்தாலோவில் தாளம் ஆடச் சொல்லும், மெட்டு அழத் தயாராக இருக்கும். பாஸ் ஒரே சுரத்தின் கீழ் ஸ்தாயிக்கும் மேல் ஸ்தாயிக்கும் இடையே துள்ளிக்கொண்டே ஓட, மேலே மைனர் ஸ்கேலில் ஒரு நீண்ட, ஏக்கமான மெட்டு மிதக்கும். சரணமும் பல்லவியும் முடிந்ததும் சிந்தசைசர் தனியாக ஒரு சிறு பதில் சொல்லும். பல பாடல்களில் பாடகரைவிட அந்தப் பதில்தான் மனத்தில் நிற்கிறது. சாவேஜ் என்ற பெயரில் ரொபெர்த்தோ சனெத்தி 1983-இல் வெளியிட்ட ‘டோன்ட் க்ரை டுநைட்’ இதற்கு நல்ல சான்று. இயந்திரம் இத்தனை இறுக்கமாக அடிக்கும்போது குரல் இத்தனை தளர்ந்து போவது ஒரு விசித்திரமான சுகம். இத்தாலியின் சான்ரேமோ பாட்டு விழாவில் தலைமுறைகளாகப் பாடப்பட்ட காதல் பாட்டின் வாசனை அந்த மெட்டுகளில் இருக்கிறது. மலிவான இயந்திரத்தால் அதை அழிக்க முடியவில்லை.

அரைகுறை ஆங்கிலத்தை நான் பெரிய குறையாக எண்ணவில்லை. போலந்துக்காரருக்கும் ஃபின்லாந்துக்காரருக்கும் ஜப்பானியருக்கும் அந்தப் பாட்டு ஒரே அளவில்தான் புரிந்தது. யாரும் யாரையும்விட மேலாகப் புரிந்துகொள்ளவில்லை. எல்லைகள் தாண்டி அது ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாமே வெற்று வார்த்தை என்றும் சொல்லிவிட முடியாது. துரின் நகரத்து ரிகேய்ரா இரட்டையரின் ‘வாமோஸ் ஆ லா பிளாயா’ ஸ்பானிய மொழியில் அமைந்த கடற்கரைப் பாட்டு. உண்மையில் அது அணுகுண்டு வெடித்த பிறகான கடற்கரை. சிசிலியின் கொமீசோவில் அமெரிக்க ஏவுகணைகளை நிறுத்துவதை எதிர்த்துப் போராட்டம் நடந்த 1983-இல் ஐரோப்பா அந்தப் பாட்டுக்கு வெயிலில் ஆடியது. ஆடியவர்களில் எத்தனை பேர் வரிகளைக் கவனித்திருப்பார்கள் என்பது வேறு கதை.

குறைகளுக்கு வருவோம். 1985-க்குப் பிறகு வந்த பெரும்பகுதி நகல். ஒரு மெட்டு ஓடியது என்றால் அதே பாஸ், அதே கைதட்டல் ஒலி, அதே சிந்தசைசர் பதிலோடு பத்துத் தட்டுகள் வரும். முழு ஆல்பமாக உட்கார்ந்து கேட்கத் தகுந்தவை மிகச் சொற்பம். இது எல்லா வணிக இசைக்கும் உள்ள நோய்; இத்தாலோவுக்கு மட்டும் தனித் தண்டனை தேவையில்லை.

தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி குரலைப் பற்றியது. டென் ஹாரோ என்ற நட்சத்திரத்தின் முகம் ஸ்டெஃபானோ சாந்த்ரி. அழகான ஆள்; மேடையில், தொலைக்காட்சியில், தட்டின் உறையில் எல்லாம் அவர்தான். ‘மேட் டிசையர்’ பாடலில் ஒலிக்கும் குரலோ சில்வர் பொசோலியுடையது. ‘ஃப்யூச்சர் பிரெய்ன்’ உள்ளிட்ட அடுத்த வெற்றிகளைப் பாடியவர் அமெரிக்கரான டாம் ஹூக்கர். இத்தனைக்கும் இருவரும் சொந்தப் பெயரிலும் தட்டு வெளியிட்ட பாடகர்கள். ‘டார்ஜான் பாய்’ புகழ் பால்டிமோரா விஷயத்திலும், முன்னால் நின்ற ஜிம்மி மக்ஷேன்தான் பாடினாரா, தயாரிப்பாளர் மௌரிட்சியோ பாசி பாடினாரா என்ற விவாதம் ஓயவில்லை.

நமக்கு வாயசைப்பு புதிதல்ல. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம்.எஸ். பாடினார் என்பது தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும், தெரிந்தே ரசித்தோம். இந்திய சினிமாவும் இந்த ஒழுங்குக்கு உடனே வந்துவிடவில்லை. 1949-இல் ‘மஹல்’ படப் பாடலின் தட்டில் லதா மங்கேஷ்கர் பெயருக்குப் பதிலாகக் கதாபாத்திரத்தின் பெயரான காமினி என்றே போட்டிருந்தார்கள். பாடியது யார் என்று நேயர்கள் வானொலிக்கு எழுதிக் கேட்டார்கள். பின்னர்தான் பாடகர் பெயர் போடும் வழக்கம் நிலைபெற்றது. ஆக, ஒருவர் பாட இன்னொருவர் வாயசைப்பதில் பாவம் ஒன்றுமில்லை. பெயரை மறைத்தால் பணமும் புகழும் தவறான கைக்குப் போகின்றன. இத்தாலோ தயாரிப்பாளர்கள் செய்தது அதைத்தான். முகம்தான் விற்றது, முகத்துக்குத்தான் புகழ் என்று வாதிடலாம். விற்றது முகம் என்றே வைத்துக்கொண்டாலும், நாற்பது ஆண்டு கழித்து ஹெட்ஃபோனில் கேட்கிறவரிடம் எஞ்சியிருப்பது குரல் மட்டுமே.

இந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் தொற்றியது. 1989-இல் பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்த ‘ரைட் ஆன் டைம்’ பாடலைச் செய்தது பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழு. அதில் ஒலித்தது லொலீட்டா ஹாலவே 1980-இல் பாடிய பாட்டிலிருந்து வெட்டியெடுத்த குரல். திரையில் வாயசைத்தவர் கட்ரின் கினோல் என்ற மாடல். அதே குழுவின் வேறு பாடல்களைப் பாடிய மார்த்தா வாஷ் வழக்குப் போட்டு, தன் குரலுக்கான உரிமையைப் பேசித் தீர்த்துக்கொண்டார். ஹாலவே, வாஷ் இருவரும் கறுப்பின அமெரிக்கர்கள், டிஸ்கோவை வளர்த்தவர்கள். அவர்கள் வளர்த்த இசை இத்தாலி போய்த் திரும்பி வந்தபோது அவர்களுடைய பெயரே அதில் இல்லை.

கொடுக்கல் வாங்கலின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா தூக்கியெறிந்ததை இத்தாலி மாற்றிச் செய்தது. அதைச் சிகாகோவின் கறுப்பின டி.ஜே.க்கள் இறக்குமதித் தட்டுகளாக வாங்கி, வானொலியிலும் கிளப்பிலும் போட்டு, ஹவுஸ் இசையாக வளர்த்தார்கள். கிளைன் அண்ட் எம்.பி.ஓ.வின் 1982 ‘டர்ட்டி டாக்’ தட்டின் தாக்கம் நியூ ஆர்டர் குழுவின் ‘ப்ளூ மண்டே’யில் இருக்கிறது. ஜப்பானுக்காக இத்தாலியர்கள் வேகத்தைக் கூட்டிச் செய்த யூரோபீட், ‘இனிஷியல் டி’ கார் பந்தய அனிமே வழியே டேவ் ராஜர்ஸின் ‘தேஜா வூ’வாக இன்றைய கல்லூரி மாணவர்களின் மீம் வரை வந்துவிட்டது. நெதர்லாந்தின் ஹேக் நகரத்து ஐ-எஃப் என்ற டி.ஜே. 90-களின் முடிவில் தன் தொகுப்பின் மூலமும் பிறகு இணைய வானொலி மூலமும் மறந்துபோன தட்டுகளுக்கு மறுவாழ்வு கொடுத்தார்.

அந்த மறுவாழ்வின் ரசனையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. யாரும் கேட்டிராத, ஐந்நூறு பிரதி மட்டும் போட்ட தட்டு என்றால் மேதைமை. கோடைக் கடற்கரையில் எல்லோரும் பாடிய பாட்டு என்றால் மட்டம். அலெக்சாண்டர் ரொபோட்னிக்கின் ‘ப்ராப்ளெம் தமூர்’ அற்புதமானதுதான். அதற்காக, எல்லோரும் பாடிய ‘டோல்ச்சே வீட்டா’வைக் கூச்சத்தோடு கேட்க வேண்டியதில்லை. சேகரிப்பாளர்கள் எந்த டிரம் மெஷின், எந்த ஆண்டின் அச்சு என்று துல்லியமாகத் தேடுகிறார்கள். பாடியவர் யார் என்பதில் அந்த அக்கறை பல சமயம் காணோம்.

2018-இல் ‘டான்ஸ் ஆஃப் டிஸ்கோ’ என்ற ஆவணப்படம் சாந்த்ரி, ஹூக்கர் இருவரின் தகராறையும் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் தெரியாது என்று சொல்ல இடமில்லை. பழைய தட்டுகளை மறுபதிப்புச் செய்பவர்கள் உறையில் பாடியவர் பெயரை அச்சிட வேண்டும். பாட்டு ஓடும் செயலிகளும் அந்தப் பெயரைக் காட்ட வேண்டும். அதுவரை நீங்கள் ‘ஃப்யூச்சர் பிரெய்ன்’ கேட்க நேர்ந்தால், அதைப் பாடியவர் டாம் ஹூக்கர் என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.