எத்தால் கோஹோமாலஜியை எங்கிருந்து தொடங்குவது?

எண்கணித வடிவியலில் ஆய்வு செய்ய விரும்பும் முதுகலை மாணவரிடம் பெரும்பாலும் முதலில் நீட்டப்படுவது, ஹார்ட்ஷோர்ன் 1977இல் வெளியிட்ட இயற்கணித வடிவியல் பாடநூல். ஸ்கீம், ஷீஃப் எல்லாம் முடித்துவிட்டு வா, எத்தால் கோஹோமாலஜியை அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். அதன் இரண்டாம், மூன்றாம் அத்தியாயப் பயிற்சிக் கணக்குகளிலேயே உற்சாகம் வற்றிப்போனவர்கள் பலர். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தக் கேள்விக்காக இந்தக் கோட்பாடு பிறந்ததோ, அதைக் கையால் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். ஓர் எண்ணின் கனத்திலிருந்து அதே எண்ணைக் கழிக்கிறோம். வருவது ஒரு வர்க்கமாக இருக்க வேண்டும். இது ஒரு நீள்வட்ட வளைவரை. 5ஆல் வகுத்தால் வரும் மீதிகளுக்குள் மட்டும் தீர்வு தேடுவோம். மீதிகள் 0, 1, 2, 3, 4. அவற்றில் வர்க்கங்கள் 0, 1, 4. 0, 1, 4 ஆகியவற்றை இட்டால் 0 வருகிறது. தலைக்கு ஒரு தீர்வு. 2ஐ இட்டால் 6, அதாவது 1. அதற்கு இரண்டு வர்க்கமூலங்கள். 3ஐ இட்டால் 24, அதாவது 4, அதற்கும் இரண்டு. மொத்தம் 7. முடிவிலிப் புள்ளியையும் சேர்த்தால் 8. சராசரியாக எதிர்பார்ப்பது 5 + 1 = 6; மிகுதி 2. இந்த வித்தியாசம் பகா எண்ணின் வர்க்கமூலத்தைப் போல் இருமடங்கைத் தாண்டவே தாண்டாது என்று 1930களில் ஹெல்முட் ஹாஸே நிறுவினார்.

இனி 2இன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்டு, 25 உறுப்புகள் உள்ள களத்துக்குப் போகலாம். கூட்டினால் −2 (முன்பு வந்த மிகுதியின் எதிர்மம்), பெருக்கினால் 5 (நம் பகா எண்) வரும் இரண்டு கலப்பெண்களை எடுத்தால், அவற்றின் வர்க்கங்களின் கூடுதல் 4 − 10 = −6. 25 + 1 இலிருந்து அதைக் கழித்தால் 32. ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு 25 உறுப்புகளையும் இட்டு எண்ணிப் பாருங்கள், 32தான் வரும். 125, 625 என்று நீளும் களங்கள் அத்தனைக்கும் விடை அந்த ஒரே 8இல் அடங்கியிருக்கிறது.

ஏன் இப்படி? கலப்பெண்களில் இதே வளைவரை உளுந்து வடையின் மேற்பரப்பு போன்றது. அதன் துளைகளைப் பரிமாணவாரியாக எண்ணும் பெட்டி (Betti) எண்கள் 1, 2, 1. நம் கணக்கில் வந்தவையும் ஒரு 1, இரண்டு கலப்பெண்கள், ஒரு 5. பல மாறிகள் கொண்ட சமன்பாடுகளுக்கும் இந்தப் பொருத்தம் நீடிக்கும் என்று ஆந்த்ரே வெய் 1949இல் ஊகித்தார். நாம் எண்ணியவை, ஒவ்வோர் எண்ணையும் 5ஆம் அடுக்குக்கு உயர்த்தும் ஃப்ரோபீனியஸ் கோர்த்தலில் அசையாமல் நிற்கும் புள்ளிகள். அசையாப் புள்ளிகளை எண்ண லெஃப்ஷெட்ஸின் வாய்பாடு இடவியலில் ஏற்கனவே இருந்தது. அதை இங்கே பயன்படுத்தத் தகுந்த கோஹோமாலஜிதான் இல்லை. இயற்கணித வடிவியலில் வழக்கமான சாரிஸ்கி இடவியலின் திறந்த கணங்கள் மிகப் பெரியவை, துளையைக் காட்டிக்கொடுக்காதவை. அவற்றின் இடத்தில், உள்ளூர்ச் சமவடிவங்களைப் போல நடந்துகொள்ளும் எத்தால் கோர்த்தல்களை வைத்து, 1960களில் க்ரோதெண்டீக்கும் மைக்கேல் ஆர்ட்டினும் அந்தக் குறையைத் தீர்த்தார்கள்.

இவ்வளவு தெரிந்தபின் நூல்களைத் திறக்கலாம். ஐயர்லாந்து–ரோசன் எழுதிய எண்கோட்பாட்டு நூலில் காஸ், யக்கோபி கூடுதல்கள். சில்வர்மேனின் 1986 நூலில் ஐந்தாம் அத்தியாயம். ஹார்ட்ஷோர்னில் எல்லோரும் கடைசிக்குத் தள்ளும் மூன்றாம் பின்னிணைப்பு. பிறகு மில்னின் விரிவுரைக் குறிப்புகள். அவற்றைப் படிக்கும்போது ஸ்கீம் தேவைப்படும் இடத்தில் ஹார்ட்ஷோர்னுக்குத் திரும்பினால், அந்தக் கடினமான பயிற்சிகள் எதற்காக என்பது தானே விளங்கும்.

வெய் ஊகங்களில் எஞ்சியிருந்த கடினமான பகுதியை பியர் டெலீன் நிறுவிய 1974ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தமிழ் மாணவர் ஒருவர் கூடுதல் உரிமையோடு படிக்கலாம். ஒரு மட்டு வடிவத்தின் குணகங்களைத் தரும் டௌ சார்பின் அளவு பற்றி ராமானுஜன் 1916இல் சொல்லிவைத்த ஊகம் அதனால்தான் மெய்யானது. டெலீனின் நிறுவலுக்கு வழிகாட்டிய முறையும் அதே டௌ சார்பை ஆராய்வதற்காக ராபர்ட் ராங்கின் 1939இல் உருவாக்கியது. டெலீனின் கட்டுரைக்கு முன்பே ராங்கினின் முறையைப் படித்துவிடுவது நல்லது. அதற்கு ஸ்கீம் எதுவும் வேண்டாம், கலப்பெண் பகுப்பாய்வு தெரிந்தால் போதும்.