சொல்வழிப் பண்

மெட்டுக்குப் பாட்டெழுதும் வழக்கு மிக்க திரையுலகில், பாட்டைப் பெற்றபின் மெட்டமைத்தலையே பெரும்பாலும் தம் நெறியாகக் கொண்டவர் கே. வி. மகாதேவன் (1918–2001). இந்நெறியின் பயனைத் 'திருவிளையாடல்' (1965) படத்தில் ஏமநாத பாகவதர்க்கெனப் பாலமுரளி கிருஷ்ணா பாடிய பாடலிற் காணலாம். தோடி, தர்பார், மோகனம், கானடா என்னும் இராகப் பெயர்களைக் கண்ணதாசன் தொடருள் பொதிந்து வைத்தார். அச்சொல் வருமிடத்தே பண்ணும் மாறுகின்றது. கண் காணும் சிலேடையைச் செவியும் உணர்கின்றது. சொல் முந்தாவிடின் இவ்வமைதி எளிதிற் கைகூடாது.

இதுகொண்டு, மெட்டு முந்தினாற் கவிதை கெடும் என்பாரும் உளர். அது பொருந்தாது. விசுவநாதன் – இராமமூர்த்தி மெட்டுகளுக்கு அதே கண்ணதாசன் எழுதிய நற்பாடல்கள் பல. இசையமைப்புக்கான முதல் தேசிய விருதை மகாதேவனுக்குப் பெற்றுத் தந்தது 'கந்தன் கருணை' (1967). ஆயினும், யாப்பும் பண்ணும் இயைவதை ஆய்வார் முதற்கண் கேட்கவேண்டியது ஏமநாதர் பாடலையே.