தடுத்திருக்கக்கூடிய எழுச்சி: பிரெக்டின் இரு நாடகங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஜேர்மன் நாடகாசிரியர் பேர்டோல்ட் பிரெக்ட் (1898–1956) இலங்கை நாடக உலகிற்குப் புதியவரல்லர். 1967 ஆம் ஆண்டில் ஹென்றி ஜயசேன சிங்களத்தில் மேடையேற்றிய ‘ஹுணுவட்டயே கதாவ’ மூலம் அவரது வெண்கட்டி வட்ட நாடகம் இங்கு பரவலாக அறியப்பட்டது. ஆனால் பாசிசத்தை நேரடியாகப் பொருளாகக் கொண்ட அவரது இரு நாடகங்கள் அத்துணை பரிச்சயமானவை அல்ல. ஒன்று, 1938 இல் பாரிசில் முதலில் மேடையேறிய ‘மூன்றாம் பேரரசின் அச்சமும் அவலமும்’. மற்றையது, 1941 இல் பின்லாந்தில் எழுதப்பட்ட ‘ஆர்ட்டூரோ ஊயியின் தடுக்கக்கூடிய எழுச்சி’. முன்னது சர்வாதிகாரத்தின் விளைவைக் காட்டுகின்றது. பின்னது அதன் தோற்றத்தைக் காட்டுகின்றது. இரண்டையும் இணைத்து நோக்கும்போதே ஒவ்வொன்றின் பலமும் குறைபாடும் தெளிவாகின்றன.

பின்னைய நாடகத்தின் தலைப்பிலுள்ள ‘தடுக்கக்கூடிய’ என்னும் சொல் ஒரு வாதத்தை முன்வைக்கின்றது. ஹிட்லரின் எழுச்சி ஊழின் செயலன்று என்பதே அவ்வாதம். வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது. 1928 இல் நாசிக் கட்சி பெற்ற வாக்குகள் நூற்றுக்கு 2.6 வீதம் மட்டுமே. 1929 இன் உலகப் பொருளாதார நெருக்கடி ஜேர்மனியைத் தாக்கி, 1932 இன் தொடக்கத்தில் அங்கு வேலையற்றோர் தொகை அறுபது இலட்சத்தைக் கடந்தபோது நிலைமை மாறிற்று. அவ்வாண்டு ஜூலைத் தேர்தலில் அக்கட்சி 37.3 வீத வாக்குகளைப் பெற்றது. ஆயினும் நவம்பரில் அவ்வாக்கு 33.1 வீதமாக வீழ்ந்தது. அவ்வாறு வீழ்ந்த பின்னரே, 1933 ஜனவரி 30 ஆம் திகதி, ஜனாதிபதி ஹின்டன்பேர்க் ஹிட்லரைப் பிரதமராக நியமித்தார். அவரைத் தம் நலனுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் எனக் கருதிய பழைமைவாத அரசியல்வாதிகளே அந்நியமனத்திற்கு வழிகோலினர்.

இவ்வுண்மையைப் பிரெக்ட் சிக்காகோ நகரத்துக் கொள்ளைக்கூட்டத்தின் கதையாக உருமாற்றுகின்றார். வியாபாரம் மந்தமுற்ற மரக்கறி முதலாளிகளின் கூட்டமைப்பு, நேர்மையாளர் எனப் பெயர் பெற்ற முதியவரான டோக்ஸ்பரோவைக் கையூட்டால் வளைத்துக்கொள்கின்றது. இந்த ஊழலை அறிந்த ஊயி என்னும் மூன்றாந்தரக் கொள்ளையன், அதனைக் கொண்டே முதியவரை மிரட்டி அதிகாரத்தினுள் நுழைகின்றான். பாதுகாப்புத் தருவதாகக் கூறிக் கடைக்காரரிடம் பணம் பறிக்கின்றான். பண்டசாலை எரிகின்றது, குற்றமற்றவன் ஒருவன் தண்டிக்கப்படுகின்றான். ஊயி தன் நெருங்கிய தோழனையே கொன்றொழிக்கின்றான். டோக்ஸ்பரோ ஹின்டன்பேர்க் என்பதும், பண்டசாலைத் தீ 1933 பெப்ரவரி 27 இல் நிகழ்ந்த பாராளுமன்றத் தீ என்பதும், தோழனின் கொலை 1934 ஜூன் 30 இல் கைதான றோம் பின்னர் கொல்லப்பட்டமையைக் குறிப்பது என்பதும் வெளிப்படை. முதிய நடிகன் ஒருவன் ஊயிக்கு நடக்கவும் நிற்கவும் அமரவும் பேசவும் கற்பிக்கும் காட்சி நாடகத்தின் சிகரம் எனலாம். சபையோர் நகைக்கின்றனர். ஆனால் பயிற்சி முடிவுறும்போது அவர்கள் கண்முன் நிற்பவன் கோமாளியல்லன், ஹிட்லரே நிற்கின்றான். நகைப்பு அடங்கிவிடுகின்றது.

இந்நாடகத்திற்கு எதிராக எழுந்த கண்டனங்களுள் அடோர்னோ 1962 இல் முன்வைத்தது முக்கியமானது. பாசிசத்தை ஒரு வியாபாரக் கூட்டத்தின் சூழ்ச்சியாகச் சுருக்குவது அதன் உண்மையான பயங்கரத்தை மறைத்துவிடுகின்றது என்பது அவர் கருத்து. இக்கண்டனம் முற்றிலும் நியாயமானதன்று. பெரும் அரசியற் குற்றங்களைப் புரிந்தோரை மக்கள் ‘பெரிய மனிதர்’ எனப் போற்றும் மயக்கத்தை உடைப்பதே பிரெக்டின் நோக்கம். அதில் அவர் வெற்றி கண்டுள்ளார்.

நாடகத்தின் மெய்யான குறைபாடு வேறோரிடத்தில் உள்ளது. எழுச்சி தடுக்கக்கூடியது எனின், அதனைத் தடுத்திருக்கக்கூடியவர் யாவர்? இவ்வினாவிற்கு நாடகத்தில் விடை இல்லை. விலைபோனவர்களை அது காட்டுகின்றது. பணிந்துபோன கடைக்காரரைக் காட்டுகின்றது. தொழிலாளர் இயக்கத்தை அது காட்டவில்லை. 1932 நவம்பர்த் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பெற்ற வாக்குகள் ஒன்றுசேர 37.3 வீதமாகும்; அது நாசிகள் பெற்றதிலும் அதிகம். ஆனால் கம்யூனிஸ்டுகள் சமூக ஜனநாயகவாதிகளைச் ‘சமூக பாசிசவாதிகள்’ என்றனர். சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளை நம்ப மறுத்தனர். 1933 மார்ச் 23 இல் ஹிட்லருக்கு முழு அதிகாரம் வழங்கும் சட்டத்தை 94 சமூக ஜனநாயக உறுப்பினர்கள் மட்டுமே எதிர்த்து வாக்களித்தனர். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அச்சபையில் இடம்பெற முடியவில்லை. அதற்கு முந்திய நாளே டாஹௌ வதைமுகாம் திறக்கப்பட்டிருந்தது. எதிரியின் சூழ்ச்சியை இத்துணை கூர்மையாக நோக்கிய பிரெக்ட், தம் அணியின் பிழையைப் பற்றி மௌனம் சாதித்தமை அவரது கலைக்கும் இழப்பாகவே முடிந்தது. ‘தடுக்கக்கூடிய’ என்னும் சொல் நாடகத்தின் நிகழ்ச்சிகளில் வேரூன்றாது தலைப்பில் மட்டுமே நின்றுவிடுகின்றது.

இந்த வெற்றிடத்தை, காலத்தால் முற்பட்ட ‘அச்சமும் அவலமும்’ ஓரளவு நிரப்புகின்றது. பாராளுமன்றத் தீயின் மறுநாளே நாட்டை விட்டு வெளியேறிய பிரெக்ட், கண்டோர் கூற்றுக்களையும் பத்திரிகைச் செய்திகளையும் ஆதாரமாகக் கொண்டு இக்காட்சிகளை அமைத்தார். இங்கு தலைவர்கள் மேடையில் தோன்றுவதில்லை. சமையலறையும், நீதிபதியின் அறையும், உணவு மேசையுமே களங்கள். ஒரு காட்சியில், பழுப்புச் சட்டைப் படையினன் ஒருவன் முணுமுணுப்போரைப் பிடிக்கும் தந்திரத்தை விளையாட்டாகச் செய்துகாட்டுகின்றான். உள்ளங்கையில் வெண்கட்டியால் சிலுவைக் குறி வரைந்து, தோளில் நட்போடு தட்டுவதுபோல் தட்டினால், அக்குறியே கைதுக்கு அடையாளமாகிவிடும். அவன் சென்றபின், அவனை மணக்கவிருக்கும் பணிப்பெண்ணே தன் முதுகிலும் குறி உண்டோ என அஞ்சுகின்றாள். மற்றொரு காட்சியில், நீதிபதி ஒருவர் தீர்ப்பளிக்கச் செல்லுமுன் தவிக்கின்றார். நீதி எது என்பது அவரது கவலையன்று. அதிகாரத்திலுள்ளோர் எத்தீர்ப்பை விரும்புகின்றனர் என அறிய முடியாமையே அவரை வருத்துகின்றது.

‘உளவாளி’ என்னும் காட்சி இவை யாவற்றிலும் கொடியது. ஓர் ஆசிரியரும் மனைவியும் அரசைக் குறைகூறிப் பேசிக்கொண்டிருக்கையில், ஹிட்லர் இளைஞர் அணியிற் சேர்ந்துள்ள அவர்களது மகன் வெளியே சென்றுவிடுகின்றான். தம்மைக் காட்டிக்கொடுக்கவே சென்றான் எனப் பெற்றோர் நடுங்குகின்றனர். மகன் இனிப்புடன் திரும்பி வருகின்றான். அவன் சென்றது அதற்காகவா, வேறெதற்காகவுமா? பெற்றோர் அறியார்; சபையோரும் அறியார். அவன் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. காட்டிக்கொடுத்திருப்பான் எனப் பெற்றோர் நம்பியதே சர்வாதிகாரத்திற்குப் போதுமானது.

இக்காட்சி தனியே வெளியானபோது, விமரிசகர் லூகாக்ஸ் அதனை யதார்த்தவாதத்தின் வெற்றியாக வரவேற்றார். பிரெக்ட் மகிழவில்லை. தனிக் காட்சியின் உயிர்த்துடிப்பை மட்டும் பாராட்டி, இருபத்தேழு காட்சிகளை அடுக்கிய முறையை லூகாக்ஸ் காணத் தவறினார் என அவர் கருதினார். இவ்விவாதத்திற் பிரெக்டின் பக்கமே நியாயம் மிக்கது. ஒரு குடும்பத்தின் அச்சம் அவலம் மட்டுமே. அதே அச்சம் நீதிபதியிடமும் மருத்துவரிடமும் தொழிலாளியிடமும் மீண்டும் மீண்டும் காணப்படும்போது, அது ஓர் ஆட்சிமுறை என்பது புலனாகின்றது. ஒருவரையொருவர் நம்ப முடியாத மக்கள் ஒன்றுசேர முடியாது. நாடகம் உணர்த்தும் முதன்மையான உண்மை இதுவே.

எனினும் ஒரு குறை எஞ்சுகின்றது. ‘யூத மனைவி’ என்னும் காட்சியில், மருத்துவரான கணவனின் பதவிக்குத் தன்னால் ஊறு நேராதிருக்க ஒரு பெண் நாட்டை விட்டுச் செல்ல ஆயத்தமாகின்றாள். சில வாரங்களில் திரும்பிவிடுவாய் எனக் கூறும் கணவன், குளிர்காலத்திற்கே தேவைப்படும் மேலங்கியை எடுத்து அவளிடம் கொடுக்கின்றான். அவள் திரும்பமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும். இத்துணை நுட்பமாக எழுதியவரின் ‘ஊயி’யில் யூதருக்கெதிரான வெறுப்பிற்கு இடமே இல்லை. அந்நாடகம் எழுதப்பட்ட 1941 ஆம் ஆண்டிலேதான் அறுபது இலட்சம் யூதரைப் பலிகொண்ட திட்டமிட்ட படுகொலை தொடங்கிற்று. அதனைப் பிரெக்ட் முன்னறிந்திருக்க முடியாது. ஆனால் 1933 முதல் கண்முன் நிகழ்ந்த வெறுப்பை அவர் அறிவார். மூலதனத்தின் நலனை மட்டும் கொண்டு பாசிசத்தை விளக்க முற்படும் எழுத்து, அயலவனே அயலவனை வெறுக்கத் தொடங்கும் கணத்தை விளக்க முடியாது போகின்றது. வர்க்க ஆய்வு தவறு என்பதன்று இதன் பொருள். அது மட்டும் போதாது என்பதே.

‘அச்சமும் அவலமும்’ நாடகத்தின் இறுதிக் காட்சி 1938 மார்ச்சில் நிகழ்வது. ஹிட்லரின் படை வியன்னாவினுள் நுழைவதை வானொலி ஆரவாரத்துடன் அறிவிக்கின்றது. பேர்ளினில் ஒரு சிறு வீட்டில், எஞ்சிய சிலர் துண்டுப் பிரசுரத்தில் என்ன எழுதுவது என ஆலோசிக்கின்றனர். இறுதியில் ‘இல்லை’ என்னும் ஒரே சொல்லை எழுத முடிவு செய்கின்றனர். அச்சொல்லைச் சொல்ல 1932 இல் இலட்சக்கணக்கானோர் இருந்தனர். 1938 இல் ஓர் அறையில் மூவர் மட்டுமே இருக்கின்றனர். ‘தடுக்கக்கூடிய’ என்னும் சொல்லுக்கு ‘ஊயி’ தராத பொருளை இக்காட்சியே தருகின்றது.