ஒட்டுண்ணிக்கு முடிசூட்டிய நூல்

உழைக்காமல் பிறரை அண்டிப் பிழைப்பவனை ‘ஒட்டுண்ணி’ என்று ஏசுகிறோம். உயிரியலிலிருந்து கடன் வாங்கிய வசை இது என்றே பலரும் எண்ணுவர். ஆனால் ‘பாரசைட்’ என்னும் சொல்லின் கதை நேர்மாறானது. கிரேக்க மொழியில் அது பிறர் பந்தியில் அமர்ந்து உண்பவனையே குறித்தது. விலங்குகளுக்கும் செடிகளுக்கும் அப்பெயரைச் சூட்டியது பிற்காலத்தில்தான். ஆக, அறிவியலுக்குள் நுழையும்போதே இச்சொல் இகழ்ச்சியையும் சுமந்து வந்தது.

அமெரிக்க அறிவியல் எழுத்தாளர் கார்ல் சிம்மர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பாரசைட் ரெக்ஸ்’, இந்த இகழ்ச்சியைத் துடைக்க முயலும் நூல். அவர் வழக்காடுவது ரே லாங்கெஸ்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாரோடு. உயிர்கள் கீழ்நோக்கியும் மாறக்கூடும் என்று 1880-இல் ஒரு நூலில் வாதிட்ட லாங்கெஸ்டர், அதற்குச் சாட்சியாக நிறுத்தியது சாக்குலினாவை. பாறையிலும் படகடியிலும் ஒட்டும் கொட்டலசின் உறவினம் இது. இளம் பருவத்தில் கால்களோடு நீந்தித் திரியும். முதிர்ந்தபின் காலும் இல்லை, வாயும் இல்லை, நண்டின் வயிற்றடியில் தொங்கும் வெறும் பை. சீரழிவு என்றார் அவர். ஐரோப்பிய வெள்ளையருக்கும் இக்கதி நேரலாம் என அஞ்சவும் செய்தார்! மனிதரை இவ்வாறு எடைபோடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை, யூதரை ஒட்டுண்ணிகள் எனத் தூற்றிய நாஜிகளின் வரலாறு காட்டும்.

அந்தப் பையை ஒருமுறை உள்ளே பார்ப்போமா? நண்டின் உடலெங்கும், கால்வரைக்கும், வேர்போல் படர்ந்திருக்கிறது சாக்குலினா. நண்டு சட்டை உரிப்பதில்லை, இனம் பெருக்குவதுமில்லை. தின்பதெல்லாம் விருந்தாளிக்கே. பெண் நண்டு தன் முட்டைகளைச் சுமக்கும் இடத்தில் ஒட்டுண்ணியின் பை அமர்ந்திருக்க, அதையே தன் முட்டையாகப் பாவித்துத் துடைத்துப் பேணுகிறது. ஆண் நண்டின் கதை இன்னும் விந்தை: அதன் ஒடுங்கிய வயிற்று மடல் பெண்ணுடையதுபோல் அகன்றுவிடுகிறது, அதுவும் தாய்போல் பையைப் பேணுகிறது. இதைச் சீரழிவு என்பது எப்படிப் பொருந்தும்? சிம்மரின் இந்தப் பக்கங்கள் மிகச் சிறப்பானவை.

நமக்கு உடன்பாடில்லாதது நூலின் பெயரே. ‘ரெக்ஸ்’ என்றால் அரசன். இழிந்தவனை எழுப்பி அரியணையில் ஏற்றினால், மனித அளவுகோல் மட்டும் அப்படியே இருக்கிறதே! கலிபோர்னியாவின் கார்பின்டீரியா உப்புச் சதுப்பில் கெவின் லாஃபர்ட்டி 1996-இல் வெளியிட்ட ஆய்வு இந்நூலில் வருகிறது. ஒருவகைத் தட்டைப்புழு கில்லி மீனின் மூளைமேல் படிகிறது. அம்மீன் நீர்மட்டத்துக்கு வந்து நெளிந்து மின்னுகிறது. ஏனைய மீன்களைவிடப் பறவைகளுக்கு 10 முதல் 30 மடங்கு அதிகமாக இரையாகிறது. புழுவுக்கு வேண்டியதும் பறவையின் குடல்தான். சூழ்ச்சி, ஆட்சி என்றெல்லாம் எழுதத் தோன்றும். ஆனால் புழு எதையும் திட்டமிடவில்லை. மீனின் மூளையில் செரோடோனின் முதலிய வேதிப்பொருள்களின் இயக்கம் மாறுவதை 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அம்மாற்றத்தை விளைவித்த புழுக்கள் பறவையைச் சேர்ந்து பெருகின. மற்றவை மீனோடு மடிந்தன. அவ்வளவே. சிம்மர் இதனை நன்கறிந்தவர்தான். நடையின் வேகத்தில் அவ்வப்போது மறந்துவிடுகிறார்.

தெற்குச் சூடானில் தூக்க நோயால் படுத்திருக்கும் ஒரு சிறுவனோடு நூல் தொடங்குகிறது. ஆங்கிலம் எளியதே. கலைச்சொற்களுக்கு அகராதி வேண்டியிருந்தாலும், விலங்கியல் பயிலும் மாணவர் துணிந்து எடுக்கலாம். சாக்குலினாவிலிருந்து தொடங்குவது நல்லது.